எண்ணாமல் கணித்த இயந்திரங்கள்

கடிகாரம் வீட்டுக்கு வீடு வந்து சேராத காலத்தில் அஸர் தொழுகையின் நேரத்தை நம் முன்னோர் எவ்வாறு அறிந்தனர்? பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கோலை நட்டனர். உச்சிப் பொழுதில் அக்கோலுக்கு எஞ்சியிருந்த நிழலைக் குறித்துக்கொண்டனர். பொழுது சாயச் சாய நிழல் நீண்டது. உச்சிப்பொழுதின் நிழல் போக மீதி நிழல் கோலின் நீளத்தை எட்டியபோது ஷாஃபிஈ மத்ஹபினருக்கு நேரம் வந்தது. இருமடங்கை எட்டியபோது ஹனஃபி மத்ஹபினருக்கு வந்தது. பதினைந்து கோடிக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கதிரவனின் நிலையை முற்றத்து நிழல் அளந்து சொல்லிற்று. அங்கே எவரும் கூட்டவில்லை; பெருக்கவில்லை; ஏட்டில் ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை. ஆயினும் அது கணக்குத்தான்.

கணக்கிடும் வழிகள் உலகில் இரண்டு உண்டு. ஒன்று எண்ணுவது. விரலை மடக்கியும், மணியை நகர்த்தியும், தாளில் எழுதியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று செல்லும் வழி அது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி முதல் வங்கிகளின் பெருங்கணினி வரை யாவும் அவ்வழியின் வாரிசுகள். மற்றொன்று ஒப்பிடுவது. அறிய வேண்டிய பொருள் எவ்வாறு நடந்துகொள்கின்றதோ, அவ்வாறே நடந்துகொள்ளும் வேறொரு பொருளைக் கையருகே அமைத்து, இதனைப் பார்த்து அதனை அறிவது. நிழற்கோலும் தராசும் இவ்வகையைச் சேர்ந்தவை. அனலாக் கம்ப்யூட்டர் எனப்படும் ஒப்புமைக் கணிப்பொறி இந்த இரண்டாம் வழியில் வந்தது.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் இவ்வழி மனிதனுக்கு உதவியது. வானத்தை அளந்தது, கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் முன்கூட்டிச் சொன்னது, போரின் போக்கை மாற்றியது, ஒரு நாட்டை வெள்ளத்திலிருந்து காக்கத் துணை நின்றது. 1970களுக்குப் பின் அது அருங்காட்சியகங்களுக்குள் ஒதுங்கிவிட்டது. அதன் வரலாறு பழம்பொருள் பற்றிய வேடிக்கைக் கதை என்று தள்ளத் தக்கதன்று. ஒன்றைப் போல மற்றொன்றைச் செய்ய வேண்டுமாயின், முதலில் அந்த ஒன்றைச் செவ்வையாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாடத்தை அந்த இயந்திரங்களைப் போல் வேறெதுவும் கற்பித்ததில்லை.

பித்தளையில் வார்த்த வானம்

1901ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டின் அன்டிகித்தெரா தீவருகே மூழ்கிக் கிடந்த பழங்கப்பலிலிருந்து களிம்பேறிய வெண்கலத் துண்டுகள் சில மேலே வந்தன. கடற்பஞ்சு எடுப்போர் கண்ட கப்பல் அது. கல்லாய் இறுகிப்போயிருந்த அத்துண்டுகளுக்குள் பற்சக்கரங்கள் இருந்தன. எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது 30 சக்கரங்கள் தென்பட்டன. அவற்றுள் ஒன்றில் 223 பற்கள். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பி வருகின்றன என்பது பழங்கால வானநூலார் கண்ட உண்மை. அந்த உண்மையையே ஒரு சக்கரமாக வெட்டி வைத்திருந்தான் பெயர் தெரியாத ஒரு கம்மியன். கைப்பிடியைச் சுழற்றினால் கதிரவனும் நிலவும் முகப்பில் நகர்ந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது இது.

அக்கலையை இடைக்காலத்தில் வளர்த்தவர்கள் இஸ்லாமிய உலகின் வானநூலார். அவர்கள் கையில் அஸ்துர்லாப் என்னும் கருவி முழுமை பெற்றது. உள்ளங்கை அளவான பித்தளைத் தட்டு. அதன்மேல் விண்மீன்களைச் சுட்டும் முனைகளோடு சுழலும் ஒரு வலைத்தகடு. ஏதேனும் ஒரு விண்மீனின் உயரத்தை அளந்து, வலையைச் சுழற்றி, அம்மீனின் முனையை அந்த உயரத்திற்குரிய வளைகோட்டில் நிறுத்தினால் போதும். இரவு எத்தனை நாழிகை கழிந்தது என்பது விளிம்பில் தெரியும். கோளத்தின் முக்கோணங்களை வைத்துப் பக்கம் பக்கமாகச் செய்ய வேண்டிய கணக்கை ஒரு திருகலில் முடித்தது அத்தட்டு. முகலாயர் காலத்தில் லாகூரில் அல்லாஹ்தாத் என்பவரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக இக்கருவிகளைச் செய்து புகழ் பெற்றனர்.

ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் அறிஞர் அல்பிரூனீ இத்தட்டின் பின்புறம் பொருத்தத்தக்க ஒரு பற்சக்கரப் பெட்டியை விளக்கி எழுதினார். எட்டுச் சக்கரங்கள் கொண்ட அப்பெட்டி கதிரவன், நிலவு ஆகியவற்றின் நிலையையும் பிறையின் வளர்ச்சியையும் காட்டும். அதிலே 59 பற்கள் கொண்ட சக்கரம் இருந்தது. 59 ஏன்? ஒரு மாதம் 30 நாள், அடுத்தது 29 நாள் என்று மாறி மாறி வருவது சந்திரக் கணக்கு. இரண்டு மாதங்களைச் சேர்த்தால் 59. பிறை பார்த்து மாதம் தொடங்கும் சமுதாயத்துக்கு இந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இஸ்பஹான் நகரத்தின் முஹம்மது இப்னு அபீபக்கர் என்பார் ஹிஜ்ரி 618இல், அதாவது 1221-22இல், இத்தகைய பற்சக்கர நாட்காட்டியை உள்ளடக்கிச் செய்த அஸ்துர்லாப் இன்றும் ஆக்ஸ்போர்டு நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. முழுமையாக எஞ்சியுள்ள பற்சக்கரப் பொறிகளுள் மிகப் பழைமையானது அதுவே என்பர்.

இவ்வரிசையில் தனிச்சிறப்புடன் நிற்பவர் ஜம்ஷீத் அல்காஷீ. சமர்கந்தில் அரசர் உலூக் பேக் எழுப்பிய வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1424இல் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பதினாறு தசம இடங்கள் வரை பிழையின்றிக் கணித்தார். எண்ணும் வழியில் அதற்கு முன் எவரும் எட்டாத உயரம் அது. அதே மனிதர் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர், 1416இல், கோள்களின் இருப்பிடத்தை எண்ணாமலே கண்டறியும் ஒரு கருவியை விளக்கி நூல் எழுதியிருந்தார். ‘தபக்குல் மனாத்திக்’ என்று அதற்குப் பெயரிட்டார். ஒரு தட்டும் கோலும் கொண்டு, கோள்களின் வட்டங்களைச் சிறிதாக்கி வைத்துக் கோணத்தை நேரே படித்துக்கொள்ளலாம். 1950ஆம் ஆண்டில் எட்வர்ட் கென்னடி என்னும் ஆராய்ச்சியாளர் இக்கருவியைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதனைப் பதினைந்தாம் நூற்றாண்டின் ‘கம்ப்யூட்டர்’ என்று குறிப்பிட்டார்.

எண்ணத் தெரியாதவர்கள்தாம் ஒப்பிட்டார்கள் என்று எவரேனும் கருதினால் அல்காஷீயின் வாழ்வே அதற்கு மறுப்பு. பதினாறு இடங்கள் வேண்டிய இடத்தில் அவர் எண்ணினார்; கண்ணால் படித்துக்கொள்ளும் அளவு போதுமான இடத்தில் ஒப்பிட்டார். எந்தக் காரியத்துக்கு எவ்வளவு நுட்பம் தேவை என்று அறிந்திருப்பதும் அறிவின் ஒரு பகுதியே.

கடலை நூலில் கட்டியவர்

ஐரோப்பாவில் 1614இல் நேப்பியர் மடக்கை வாய்பாட்டை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அந்த வாய்பாடு இரண்டு மரக்கோல்களின்மேல் ஏறி ஸ்லைடு ரூல் ஆயிற்று. இரு அளவுகோல்களை அடுத்தடுத்து வைத்தால் நீளங்கள் கூடும். கோடுகளைச் சம இடைவெளியில் இடாமல் மடக்கை விதிப்படி இட்டால், நீளங்களின் கூட்டல் எண்களின் பெருக்கலாகிவிடும். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பொறியாளர்கள் பாலங்களையும் கப்பல்களையும் இக்கோலைக் கொண்டே கணித்தனர்.

ஆயினும் ஒப்புமைக் கணிப்பொறி பேருருவம் எடுத்தது கடலின் பொருட்டே. கடற்கரை ஊரில் வளர்ந்தவர்கள் ஓதத்தை அறிவார்கள். நீர் ஏறுகிறது, வற்றுகிறது, அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மிகுகிறது, இடைநாட்களில் தணிகிறது. நாகப்பட்டினத்துக் கரையில் இந்த ஏற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஹூக்ளி ஆற்று முகத்திலும் குஜராத்தின் காம்பே வளைகுடாவிலும் பல மீட்டர் உயரும். அங்கே நீர் ஏறும் வேளை தெரியாமல் கப்பலைச் செலுத்தினால் அது மணலில் தட்டி நிற்கும். எனவே ஓதத்தை முன்கூட்டி அறிவது வணிகத்துக்கும் மாலுமிகளின் உயிருக்கும் இன்றியமையாதது.

இதில் உள்ள சிக்கல் என்ன? நிலவின் ஈர்ப்பால் 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை நீர் உயர்கின்றது. கதிரவனின் ஈர்ப்பால் 12 மணிக்கு ஒருமுறை உயர்கின்றது. நிலவு அருகே வருவதாலும் விலகுவதாலும், வடக்கே சாய்வதாலும் தெற்கே சாய்வதாலும் மேலும் பற்பல அலைவுகள் தோன்றுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே எளியது. சீரான ஊஞ்சலாட்டம் போன்றது. யாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போதுதான் கடல் புதிராகத் தெரிகின்றது. ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதத்தைக் கையால் கணிப்பதோ மாதக்கணக்கில் நீளும் சலிப்பூட்டும் வேலை.

பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1872இல் இதற்கு ஓர் இயந்திரம் காண முயன்றார். ஒவ்வோர் அலைவுக்கும் ஒரு சக்கரம் வைக்கலாம். ஆனால் அத்தனை சக்கரங்களின் அசைவையும் கூட்டுவது எப்படி? அந்தக் கேள்வியோடு அவர் ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, உடன் வந்த டவர் என்னும் பொறியாளர் வழி சொன்னார்: எல்லாவற்றையும் ஒரே கயிற்றால் பிணைக்கலாமே!

அந்த இயந்திரத்தின் அமைப்பைச் சற்றே மனக்கண்ணில் காண்போம். வரிசையாகப் பற்சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஓர் அலைவின் வேகத்தில் சுழலும். ஒவ்வொன்றோடும் ஒரு கப்பி இணைந்து மேலும் கீழும் அசையும். அசைவின் அளவை அந்தந்தத் துறைமுகத்திற்கேற்பத் திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு நீண்ட கம்பி முதல் கப்பியின்மேல் ஏறி, அடுத்ததன்கீழ் இறங்கி, எல்லாக் கப்பிகளையும் தழுவிச் செல்லும். அதன் ஒரு முனை நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் ஓர் எழுதுகோல். எல்லாக் கப்பிகளின் ஏற்ற இறக்கமும் அந்தக் கம்பியில் தாமாகவே கூடிக் கழிந்து, எழுதுகோலை உயர்த்தும், தாழ்த்தும். நகரும் தாளில் கடலின் வருங்காலம் கோடாக விழும். கைப்பிடியைச் சுழற்றினால் ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதம் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் வரைந்து முடிந்தது. முதல் இயந்திரத்தில் 10 அலைவுகளுக்கு இடம் இருந்தது.

இரண்டாம் பெரிய இயந்திரம் நம் நாட்டுக்காகவே செய்யப்பட்டது. எட்வர்ட் ராபர்ட்ஸ் என்பாரின் வடிவமைப்பில், இந்திய அரசின் செலவில், 1879இல் லண்டனில் அது உருவாயிற்று. முதலில் 20 அலைவுகளையும் பின்னர் 24 அலைவுகளையும் அது கூட்டியது. அந்தக் காலத்தில் இந்திய நில அளவைத் துறையினர் சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் ஓதமானிகளை நிறுவி, நீர்மட்டத்தை இரவும் பகலும் தாளில் பதிவு செய்தனர். அப்பதிவுகளிலிருந்து ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உரிய எண்களைப் பிரித்தெடுத்து லண்டன் இயந்திரத்தில் பொருத்தினர். நம் கரையின் நாளைய நீர்மட்டம் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு பித்தளைப் பொறியில் எழுதப்பட்டு, அச்சேறி, கப்பலில் திரும்பி வந்தது. பின்னாளில் அப்பொறி டேராடூனுக்கே வந்து சேர்ந்தது.

இரு கரைகள்

1943ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள். பசிபிக் கடலின் தராவா தீவில் அமெரிக்கப் படை இறங்கியது. பவளப்பாறைக்கு மேல் தங்கள் படகுகள் மிதந்து செல்லும் அளவு நீர் இருக்கும் என்று நம்பியிருந்தனர். அத்தீவின் ஓதத்தைப் பற்றிய சரியான பதிவுகள் அவர்களிடம் இல்லை. அன்று நீர் ஏறவில்லை. படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் நீரில் நடந்தே குண்டு மழையை எதிர்கொண்டனர். மூன்று நாள் போரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே காலத்தில் பிரான்ஸின் நார்மண்டி கரையில் இறங்கும் திட்டம் இங்கிலாந்தில் மறைவாக வகுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஓதம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் உயர்ந்திருக்கும்போதுதான் எதிரி வருவான் என்று கருதிய ஜெர்மானியத் தளபதி ரோமல், நீருக்குள் மறையும்படி கரையெங்கும் தடைகளை நட்டு வைத்திருந்தார். ஆகவே நீர் வற்றித் தடைகள் வெளித்தெரியும் வேளையில், விடிந்த சிறிது நேரத்தில், இறங்க வேண்டும். முந்தைய இரவில் விமானங்களுக்கு நிலவொளியும் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே கூடும் நாட்கள் எவை?

லிவர்பூல் அருகே ஓத ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆர்தர் டூட்சனுக்கு 1943 அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. கடற்படை வரைபடத் துறையின் ஃபார்குவர்சன் என்னும் அதிகாரி, பதினோர் அலைவுகளுக்குரிய எண்களை அனுப்பியிருந்தார். இடத்தின் பெயர் இல்லை. ‘இஸட்’ என்னும் ஒற்றை எழுத்தே அடையாளம். டூட்சனிடம் இரண்டு ஓதப் பொறிகள் இருந்தன. ஒன்று கெல்வின் வழியில் வந்தது, மற்றொன்று ராபர்ட்ஸ் பிற்காலத்தில் வடிவமைத்த 40 அலைவுப் பொறி. அவற்றின் கம்பிகள் வரைந்து தந்த விடை: ஜூன் 5, 6, 7. வானிலை கெட்டதால் 5ஆம் நாள் தவறிற்று. 1944 ஜூன் 6இல் படைகள் இறங்கின.

இவ்விரு கரைகளின் கதையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியும் கப்பியும் ஓரிடத்தில் நுட்பமானவை, வேறிடத்தில் நுட்பம் குறைந்தவை என்பதில்லை. நார்மண்டியின் நீரை அளந்து எண்களாக்கியவர்கள் இருந்தனர். தராவாவின் நீரை எவரும் செவ்வையாக அளந்திருக்கவில்லை. அளந்து அறியாத கடலுக்கு எந்தப் பொறியும் ஒப்புமை செய்ய முடியாது.

வட்டும் உருளியும்

ஓதப் பொறி கூட்டல் மட்டுமே செய்தது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை நொடிக்கு நொடி தொகுத்துச் செல்லும் கணக்குக்கு வேறொரு பொறி வேண்டியிருந்தது. கெல்வினின் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் அதற்கான அடிப்படையைத் தந்தார்.

சுழலும் ஒரு வட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சிறு உருளி செங்குத்தாக நின்று, உராய்வினால் தானும் சுழல்கின்றது. உருளி வட்டின் நடுவில் நின்றால் அசையாது. விளிம்பை நோக்கி நகர்த்தினால் வேகமாகச் சுழலும். வட்டின் சுழற்சியைக் காலமாகக் கொள்வோம். உருளி நடுவிலிருந்து நிற்கும் தூரத்தை ஒரு வண்டியின் வேகமாகக் கொள்வோம். வேகம் கூடும்போது உருளியை வெளியே தள்ளுகிறோம். குறையும்போது உள்ளே இழுக்கிறோம். பயண முடிவில் உருளி மொத்தம் எத்தனை சுற்றுச் சுற்றிற்றோ அதுவே வண்டி கடந்த தூரம். கல்லூரி மாணவர்கள் தொகையீடு என்று படிப்பதை இரு உலோகத் துண்டுகள் செய்து முடித்துவிட்டன.

ஓர் உருளியின் சுழற்சியைக் கொண்டு அடுத்த வட்டை இயக்கி, இறுதி விடையைத் திரும்பவும் முதல் வட்டுக்கே ஊட்டினால், இயற்கையின் விதிகளைக் கூறும் வகையீட்டுச் சமன்பாடுகளையே தீர்த்துவிடலாம் என்று 1876இல் கெல்வின் கண்டார். ஆனால் செய்ய இயலவில்லை. உருளியை இயக்கும் உராய்வு மிக மெல்லியது. அடுத்த வட்டைச் சுழற்றும் வலிமை அதற்கு இல்லை. எண்ணம் முதிர்ந்திருந்தது, கருவி முதிரவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் அது காத்திருந்தது.

மெல்லிய சுழற்சியை வலிமையாக்கும் முறுக்குப் பெருக்கி பின்னர் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைக் கொண்டு 1931இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வன்னெவர் புஷ் ஆறு தொகையீட்டு வட்டுகள் கொண்ட இயந்திரத்தை முடித்தார். அறை நிறைய அச்சுகளும் பற்சக்கரங்களும். கணக்கை மாற்ற வேண்டுமானால் திருகுசாவியும் எண்ணெயுமாக அச்சுகளைக் கழற்றி மாட்ட வேண்டும்.

அதனை நேரில் கண்ட ஆங்கிலேயப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்தார். சிறுவர்கள் பூட்டி விளையாடும் மெக்கானோ என்னும் இரும்புப் பட்டைகளையும் சக்கரங்களையும் வாங்கினார். 1934இல் ஆர்தர் போர்ட்டர் என்னும் மாணவரின் துணையோடு மான்செஸ்டரில் அவற்றைக் கொண்டே அத்தகைய இயந்திரத்தைக் கட்டினார். செலவு சுமார் 20 பவுன். நூற்றுக்கு இரண்டு அளவில் பிழை வரும். ஆயினும் அணுவின் அமைப்பைப் பற்றிய கணக்குகளை அந்த விளையாட்டுப் பொருள் தீர்த்துத் தந்தது. பணமும் பெருங்கூடமும் இல்லாத இடத்திலும் அடிப்படை புரிந்திருந்தால் அறிவியல் செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மின்சாரம் நீரான கதை

இரண்டாம் உலகப் போரின்போது சக்கரங்களின் இடத்தை மின்சாரம் பிடிக்கத் தொடங்கிற்று. விமானத்தைச் சுடும் பீரங்கிகள், இலக்கு நாளை எங்கே இருக்கும் என்று அறிய வேண்டியதில்லை. இன்னும் சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று அறிய வேண்டும். எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. மின்னழுத்தம் உடனுக்குடன் மாறும். ஆகவே தூரத்தையும் கோணத்தையும் மின்னழுத்தங்களாக்கிக் கணித்தனர்.

போருக்குப் பின் இக்கலையின் இதயமாக விளங்கியது செயற்பெருக்கி என்னும் சுற்று. பழைய ரேடியோவில் ஒளிரும் வால்வுகளே அதன் உறுப்புகள். மிகப் பெரிய பெருக்கம் கொண்ட அச்சுற்றின் விடையில் ஒரு பகுதியைத் திரும்ப அதன் வாயிலுக்கே எதிராக ஊட்டினால், அது அடங்கி ஒழுங்காக நடக்கும். திருப்பி ஊட்டும் பாதையில் மின்தடை வைத்தால் கூட்டல் நிகழும். மின்தேக்கி வைத்தால் தொகையீடு நிகழும். குழாய் திறந்த குடத்தில் நீர் சேர்வதுபோல் தேக்கியில் மின்னூட்டம் சேர்வதே அதன் மறைபொருள். வட்டும் உருளியும் மணிக்கணக்கில் செய்ததை அச்சுற்று நொடியில் செய்தது. பலகையில் உள்ள துளைகளில் கம்பிகளைச் செருகி மாற்றினாலே கணக்கு மாறிவிடும். 1950களின் தொடக்கத்தில் ஃபில்பிரிக் நிறுவனம் இதனை உள்ளங்கையில் அடங்கும் தனிப் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 1953இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா, பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் மின்னணு ஒப்புமைக் கணிப்பொறியை வடிவமைத்து உருவாக்கினார். விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆன நாட்டில், உள்நாட்டிலேயே கட்டிய முதல் மின்னணுக் கணிப்பொறியாக அது எண்ணப்படுகின்றது.

ஒன்று மற்றொன்றாக நடிக்கும் இக்கலையில் விந்தையான காட்சிகள் உண்டு. 1949இல் நியூசிலாந்தைச் சேர்ந்த பில் பிலிப்ஸ் லண்டனில் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே நீரால் செய்து காட்டினார். கண்ணாடி போன்ற தொட்டிகளில் வண்ண நீர் பணமாக ஓடியது. வரியும் சேமிப்பும் மடைகளாகப் பிரிந்தன. அங்கே நீர் பணமாயிற்று என்றால், நெதர்லாந்தில் மின்சாரம் நீராயிற்று.

அந்நாட்டின் ஏறத்தாழ கால்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது. ஜோகன் வான் வேன் என்னும் பொறியாளர், ஆற்று முகங்களில் ஓதம் செல்லும் முறையும் கம்பியில் மின்சாரம் செல்லும் முறையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று கண்டார். நீர்மட்டம் மின்னழுத்தத்துக்கு ஒப்பு. நீரோட்டம் மின்னோட்டத்துக்கு ஒப்பு. நீரைத் தேக்கும் பரப்பு மின்தேக்கிக்கும், ஆற்றுப்படுகையின் உராய்வு மின்தடைக்கும் ஒப்பு. கரைகள் போதிய வலிமையோடு இல்லை என்று அவர் முன்னரே எச்சரித்திருந்தார். 1953 ஜனவரி 31 இரவு புயலும் ஓதமும் சேர்ந்தெழுந்து கரைகளை உடைத்தன. 1,836 பேர் அந்நாட்டில் மடிந்தனர்.

அதன்பின் ஆற்று முகங்களை அணைகளால் அடைக்கும் மாபெரும் திட்டம் எழுந்தது. ஓரிடத்தை அடைத்தால் வேறிடத்தில் நீர் எவ்வளவு உயரும்? உண்மை ஆற்றில் சோதித்துப் பார்க்க முடியாது. வான் வேனின் ஒப்புமையை அடியொற்றி டெல்டார் என்னும் மின் இயந்திரம் கட்டப்பட்டது. ஆறுகளும் கால்வாய்களும் மின்சுற்றுகளாக அதில் விரிந்தன. மணிக்கணக்கில் நிகழும் ஓதம் அதில் இமைப்பொழுதில் ஓடி மறைந்தது. 1960 முதல் 1984 வரை அது அத்திட்டத்துக்கு வழிகாட்டிற்று. முன்பு ஓதத்தைக் கணித்தது போருக்கு நாள் குறிக்க. இப்போது உயிர்களைக் காக்க.

ஒப்புமையின் எல்லை

இவ்வளவு பயன்பட்ட இயந்திரங்கள் ஏன் மறைந்தன? ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. பித்தளை வெயிலில் விரியும், கம்பி தளரும், வால்வு சூடேறினால் மின்னழுத்தம் நழுவும். ஆயிரத்தில் ஒன்று, மிகச் சிறந்த கருவியில் பத்தாயிரத்தில் ஒன்று என்னும் அளவுக்குமேல் நுட்பம் ஏறவில்லை. எண்ணும் கணிப்பொறியிலோ இன்னும் ஓர் இலக்கம் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். புஷ் வடிவமைத்த வகையான இயந்திரம் ஒன்று பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் பீரங்கி அட்டவணைகளைத் தயாரித்துவந்தது. அந்த வேலைக்கு அது போதவில்லை என்பதனாலேயே அதே பல்கலைக்கழகத்தில், 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் எண்முறைக் கணிப்பொறி பிறந்தது. பித்தளை மூளை என்று செல்லமாக அழைக்கப்பட்ட அமெரிக்க அரசின் ஓதப் பொறி 1910 முதல் 1965 வரை உழைத்து ஓய்ந்தது. 1972இல் கையடக்கமான அறிவியல் கணக்கி வந்ததும் ஸ்லைடு ரூல் மேசையின் இழுப்பறைக்குள் சென்றது.

வேறோர் எல்லையும் உண்டு; அது எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவானது. 1883 ஆகஸ்டில் கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கடலலை நாகப்பட்டினத்து ஓதமானியின் தாளில் நடுக்கமாகப் பதிந்தது. நிலவும் கதிரவனும் எழுதாத கோடு அது. ஓதப் பொறி எத்தனை சக்கரங்கள் பெற்றிருந்தாலும் அந்தக் கோட்டை முன்கூட்டி வரைந்திருக்க இயலாது. 2004 டிசம்பர் 26இல் அதே கரையில் ஆழிப்பேரலை ஏறிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். கடலின் ஒரு குணத்தை அறிந்துவிட்டால் கடலையே அறிந்துவிட்டதாக ஆகாது. பொறி தன்னுள் வைக்கப்பட்டதை மட்டுமே திருப்பிச் சொல்லும். அன்றைய பித்தளைக்கும் இன்றைய கணினிக்கும் இது பொருந்தும்.

ஒப்புமைக் கணிப்பொறியின் தனிப்பண்பு ஒன்று உண்டு; அதன் சிந்தனை கண்ணுக்குத் தெரிந்தது. நிலவுக்குரிய சக்கரம் எது, கதிரவனுக்குரிய கப்பி எது என்று சுட்டிக் காட்டலாம். விடை பிழையானால் எந்த அச்சில் பிழை என்று தேடலாம். இன்றைய கணினி கோடிக்கணக்கான மடங்கு வல்லமை மிக்கது. ஆனால் அதன் உள்ளே நடப்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை. மின்சாரச் செலவைக் குறைக்கும் பொருட்டு ஒப்புமைச் சுற்றுகளை ஆய்வாளர்கள் மீண்டும் கையில் எடுத்துள்ளனர் என்பது அண்மைக் காலச் செய்தி. அது வெல்லுமா என்பதைக் காலம் சொல்லும்.

நம் பிள்ளைகள் இன்று விடைகளுக்கு நடுவே வளர்கின்றனர். பொத்தானை அழுத்தினால் தொழுகை நேரமும் தெரிகின்றது. ஓதத்தின் வேளையும் தெரிகின்றது. நல்லதே. ஆயினும் ஒருநாள் மாலை அவர்களை முற்றத்துக்கு அழைத்து ஒரு கோலை நடச் செய்யலாம். நிழல் நகர்வதைக் காட்டி, இது ஏன் நகர்கின்றது என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டவர்கள்தாம் அல்பிரூனீயும் அல்காஷீயும் கெல்வினும் வான் வேனும். அவர்கள் செய்த பித்தளையும் கம்பியும் பழையனவாகிவிட்டன. அந்தக் கேள்வி இன்னும் பழையதாகவில்லை.